கட்டில் திரும்பும் அகலம்

அந்த அதிகாரிக்கு ராசாத்தாள் மோர் கொடுத்திருக்கக் கூடாது என்று திருமூர்த்தி பிற்பாடு பலமுறை சொன்னார். மோர் கொடுத்ததால்தான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததால்தான் பேச்சு வந்தது.

வைகாசி மாதத்து நண்பகல் அது. பீளமேட்டில், மூடிக்கிடக்கும் பழைய மில்லின் பின்மதிலை ஒட்டி மெயின் ரோட்டிலிருந்து ஒரு தடம் உள்ளே போகும். இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படிகள், சாக்கடை மேல் ஒரு பலகைக்கல், அதன்மேல் ஒரு பைக். நூற்றைம்பது அடி போய் ஒரு முக்குத் திரும்பினால் ஆறு அறைகள் ஒரே வரிசையாக நிற்கும் வளவு வரும். ராசாத்தாளின் மாமனார் மில்லில் தறி ஓட்டிய காலத்தில் வாங்கிக் கட்டியது. மொத்தம் நாலரை சென்ட். முதல் அறையில் ராசாத்தாளும் மகன் மிதுனும் இருந்தார்கள். மற்ற ஐந்திலும் வாடகைக்காரர்கள். அறை ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு. பின்னால் குனிந்து நுழையும் அடுப்படி.

இந்த வளவை இடித்துவிட்டு அதே இடத்தில் மூன்று மாடியில் பத்து வீடுகள் கட்ட அனுமதி கேட்டு ராசாத்தாளும் அவளுடைய கொழுந்தனார் திருமூர்த்தியும் மனுப் போட்டிருந்தார்கள். பாதி இடம் அவருடையது. பாதி, ராசாத்தாளின் கணவர் தனபால் இறந்தபின் அவள் பேருக்கு வந்தது. செங்கோடன் என்ற கட்டடக்காரர் தன் செலவில் கட்டி, ஆறு வீடுகளைத் தான் விற்றுக்கொண்டு, இவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கொடுப்பதாகப் பேச்சு.

இடம் பார்க்க வந்த அதிகாரியை எதிர்கொண்டு கூட்டிவர வேண்டிய திருமூர்த்தி, கணபதியில் சிக்னலில் மாட்டிக்கொண்டார். பிளான் வரைந்த முகமது ரியாஸ் வேறொரு இடத்தில் இருந்தான். அன்றைக்குப் பவர் கட் என்பதால் ராசாத்தாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஐம்பது வயது மனிதர் ஒருவர் குடையில்லாமல், சட்டை முதுகில் ஒட்டிப்போய், பைலால் தலையை மறைத்துக்கொண்டு முக்கில் வந்து நின்றபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலி போட்டாள். மண்பானைத் தண்ணீரில் மோரைக் கலக்கி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெரிய டம்ளரில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்.

அதற்கப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் ராசாத்தாள் பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். வீட்டுக்கு வந்த மனிதரிடம் ஒற்றை வார்த்தையில் பேசி அனுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. காற்று எப்படி வரும் என்று கேட்டார். ஆடியில் மட்டும் வரும், மற்ற மாதங்களில் மில்லு மதில் வாங்கிக்கொள்ளும் என்றாள். கேஸ் வண்டி வருமா என்றார். ரோட்டிலேயே நிறுத்தி உருட்டிக்கொண்டு வருவார்கள், பாவம், அந்த ஆளுக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுப்பேன் என்றாள். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்றார். எங்கேயும் போகாது என்று சிரித்தாள். முக்கில் நின்று அவர் டேப்பை இழுத்துப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முன்னால் தன் கணவரை அந்த வழியாகக் கொண்டுபோன கதையையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நல்ல மனுசன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போகும்போது அவர், இத்தனை பேர் இந்த இடத்தில் எப்படி அம்மா இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

"நாங்கெல்லாம் நெம்ப நெருக்கமுங்க சார்."

இந்த மனுவில் ராசாத்தாளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகள் நந்திதா வீட்டுக்கு வர வேண்டும். நந்திதா வெளியூரில் இல்லை. அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனியும், தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலும் அதே பீளமேட்டில், நடந்துபோனால் இருபது நிமிடத்தில் இருந்தன. அப்பன் இறந்த இரண்டாம் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், சாயந்திரம் போய்விடுவாள். மிதுனுக்கு லேத் பட்டறையில் ஷிப்ட். அவன் பகலில் தூங்குகிற அறையில் அவள் எங்கே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பாள் என்பது வெளியே சொல்லும் காரணம். ஒரே ஊரில் பெண்ணை ஹாஸ்டலில் விட்டிருப்பதை யாராவது கேட்டால் ராசாத்தாள் பேச்சை மாற்றிவிடுவாள். கதவு வைத்த ஒரு ரூம் எனக்கென்று இருந்தால் வருகிறேன் என்று ஒருமுறை நந்திதா சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ராசாத்தாள் ஒன்றரை வருடம் ஓட்டினாள். ரியாஸ் கொண்டுவந்த வரைபடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு கட்டத்தை அவன் காட்டியபோது, அந்த நீலக்கோட்டுக்குள் விரலை வைத்து, ஜன்னல் எங்கே வரும் என்று மட்டும் கேட்டாள்.

கடிதம் ஆடி இரண்டாம் வாரத்தில் வந்தது. இப்போதெல்லாம் கடிதம் போனில்தான் வருகிறது. ரியாஸ் அதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று தகரங்களைத் தட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே பூத்தூறல். திருமூர்த்தி வந்திருந்தார். நந்திதா வந்திருந்தாள். எதிர்வீட்டு சித்திகாவும் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். ரியாஸ் அவளுடைய தம்பிதான். ராசாத்தாள் அரிசிம்பருப்பு ஆக்கி, நெய் ஊற்றி எல்லோருக்கும் வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. காரணங்களை நந்திதா வாசித்தாள்.

தடத்தின் அகலம் இத்தனை வீடுகளுக்குப் போதாது என்பது முதல் காரணம். ஆவணத்தில் பத்தடி மாமூல் வண்டித்தடம் என்றிருந்தாலும் நேரில் அளந்தபோது முக்கில் ஐந்தடி எட்டு அங்குலமே இருக்கிறது. பக்கங்களில் விட வேண்டிய இடம் விடப்படவில்லை. படுக்கையறைகளின் ஜன்னல்கள் அண்டை வீட்டுச் சுவருக்கு இரண்டடியில் திறப்பதால் வெளிச்சமும் காற்றும் கிடைக்காது, அண்டை வீட்டாருக்கும் அவை மறைக்கப்படும். தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. மழைநீர் வடிய ஏற்பாடு இல்லை. வண்டிகள் நிறுத்த இடமில்லை.

"என்ற ஜன்னல மூடி பிளான் போட்டது என்ற கூடப்பொறந்தவன்" என்றாள் சித்திகா. "அதத் தொறந்து உட்டது யாரோ ஒரு ஆபீசரு. அவருக்கு அல்லா நல்லது செய்யட்டும்."

"அக்கா, நீ சும்மா இரு" என்றான் ரியாஸ்.

நந்திதா அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். அவசர ஊர்தி உள்ளே வர இயலாமல், நோயாளி ஒருவரைக் கட்டிலோடு சாய்த்து வெளியேற்ற நேர்ந்ததும் கள ஆய்வில் தெரியவந்தது. மேலும், அப்பகுதி ஏற்கெனவே மிகுந்த நெருக்கம் கொண்டது என்பதை அங்கு வசிப்போரே தெரிவித்துள்ளனர்.

ராசாத்தாள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். அறையில் இருந்த வேறு யாரோ தன் குரலில் பேசியதைப்போல இருந்தது அவளுக்கு. தான் சொன்ன ஒவ்வொன்றும் அந்தத் தாளில் இருந்தது. காற்று, கேஸ் வண்டி, மழைத்தண்ணீர், கட்டில். எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அவளைத் தெரியாததுபோல் நின்றன.

"இது நாஞ்சொன்னதாட்டவே இருக்குதுங்க" என்றாள்.

திருமூர்த்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். அண்ணன் மனைவியை அவர் நங்கை என்றுதான் அழைப்பார்.

"என்னத்தச் சொன்னீங்க நங்கை?"

"நெருக்கமுங்கன்னு சொன்னேன். சித்திகா ஊட்டு நோம்புக்கஞ்சி இங்க வாரது, நம்மூட்டுப் பொங்கச்சோறு அங்க போறது. அத நெனச்சுச் சொன்னேனுங்க தம்பி."

"ஆபீஸ்ல நெருக்கம்னா வேறங்க நங்கை. அவிய பாசைல அது ஒரு வியாதி."

மிதுனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்காததால் அவன் எழுந்து கை கழுவப் போனான்.

திருமூர்த்தி கெட்ட மனிதர் அல்ல. சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பம்பு செட்டுகளை மினி லாரியில் ஈரோட்டுக்கும் அந்தியூருக்கும் ஏற்றிக்கொண்டு போகிறவர். அலைந்து அலைந்து இடுப்பு போயிருந்தது. இந்தக் கட்டடத்துக்காக ஒரு வருடமாக ஆபீஸ் படிகள் ஏறியிருந்தார். அந்த ஆபீசர் கேட்டபோது வண்டி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். வாசலைப் பார்த்துக்கொண்டே அதை இரண்டு தடவை சொன்னார்.

மேல்முறையீடு செய்யலாம், வழி இருக்கிறது என்று ரியாஸ் சொன்னான். இடத்தின் சொந்தக்காரர்கள் இருவரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஆவணத்தில் பத்தடி என்று இருப்பதால் அது நமக்குச் சாதகம். ஆய்வின்போது சொல்லப்பட்டவை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவை என்று எழுதினால் மறுபடி பரிசீலிப்பார்கள். செங்கோடனுக்குத் தெரிந்த வக்கீல் வாசகத்தைத் தயார் செய்வார்.

வெள்ளிக்கிழமை அந்த வாசகம் வந்தது. திருமூர்த்தி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். ராசாத்தாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அறை விளக்கடியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். மேற்படி தடத்தில் வண்டி வாகனங்கள் தடையின்றி வந்து போகின்றன. என் கணவர் திரு. தனபால் அவர்கள் உடல்நலம் குன்றியபோது, வீட்டு வாசலிலிருந்தே அவசர ஊர்தியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

கொஞ்சம் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை தருகிறேன் என்று ரியாஸிடம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பட்டறையில் அவளுக்குக் கணக்குத் தப்பியது. பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கும் சிறிய பட்டறை அது. ஏழு பெண்கள். இரும்பு உருளையின் உட்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் முதலில் காப்புத்தாளை மடித்து வைக்க வேண்டும். பிறகு சுற்றிவைத்த செம்புக் கம்பியை நாலு நாலு இழையாக விரலால் வழித்து உள்ளே இறக்கி, மூங்கில் சீவலால் அமுக்கி, நூலால் கட்ட வேண்டும். பதினோரு வருடமாக ராசாத்தாள் செய்கிற வேலை. அவள் விரல் நுனிகளில் ரேகை இல்லை. ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் மிஷின் அவளை ஒப்புக்கொள்ளாது.

அன்று நினைப்பு எங்கேயோ இருக்க, நாற்பத்திரண்டு சுற்றுக்குப் பதிலாக ஐம்பதுக்குமேல் சுற்றிவிட்டாள். கம்பி பள்ளத்துக்குள் போகவில்லை. மேலே பிதுங்கி நின்றது. மரச்சுத்தியலைக் கையில் எடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். சோதனையில் ஓடவும் ஓடும். எங்கோ ஒரு தோட்டத்துக் கிணற்றில், ஒரு கோடைகாலத்தில், பூச்சு உரிந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி எரியும்போது யார் சுற்றியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள். இறக்கியதையெல்லாம் உருவி எடுத்தாள். உருவிய கம்பி மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவள், என்னக்கா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வார்னிஷ் வாடை தலைக்கு ஏறிவிட்டது என்று ராசாத்தாள் சொன்னாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போகாமல் ஹாஸ்டலுக்குப் போனாள். கையில் ஒரு டப்பா கொள்ளுப்பருப்பு. பார்வையாளர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நந்திதா தலையை அள்ளி முடிந்துகொண்டே இறங்கி வந்தாள். அவள் இருந்த அறையில் நாலு பேர். அடுக்குக் கட்டில். இவளுடையது மேல்கட்டில். எழுந்து உட்கார்ந்தால் மின்விசிறி இடிக்கும் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"இங்கயும் நாலு பேருதானே கண்ணு" என்றாள் ராசாத்தாள்.

"ஆமா. ஆனா இங்க யாரும் என்னயப் பாக்கறதில்லம்மா."

பத்திரத்தில் எழுதியிருப்பதை ராசாத்தாள் சொன்னாள். அதில் கையெழுத்துப் போட்டால் உனக்கு ரூம் வரும் என்றும் சொன்னாள். நந்திதா டப்பாவின் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடினாள்.

"அன்னைக்கு முக்குல கட்டல ஒருச்சாச்சப்ப அப்பா நழுவுனாரில்ல."

"ம்."

"நாந்தான் சட்டையப் புடிச்சிருந்தேன். பட்டன் பிஞ்சு கையோட வந்துருச்சு. ரோட்டுக்குப் போற வரைக்கும் அத கைக்குள்ளயே வெச்சிருந்தேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு என்னயப் பாத்து, ஒண்ணுமில்ல கண்ணு, அவசரமில்ல, பைய தூக்குங்கன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னால அவரு பேசுனது அதுதான். வாசல்ல வண்டி வந்துச்சுன்னு நீ எழுதிக் குடுத்தா, அது எங்க நடந்ததும்மா?"

ராசாத்தாள் டப்பாவை வாங்கி, மூடியை இன்னும் இறுக்கினாள்.

"நான் போடாதேன்னு சொல்லல" என்றாள் நந்திதா. "எனக்கும் ரூம் வேணும். ஆனா அந்த முக்குல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாந்தான் திரும்பி வாரேன்."

ராசாத்தாள் நடந்தே வீடு திரும்பினாள். தடத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு வீட்டுப் படியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முக்கில் நின்றாள்.

முக்கில் ஒரு பக்கம் சித்திகா வீட்டின் இரண்டு படிகள். இன்னொரு பக்கம் ராசாத்தாள் வீட்டின் தண்ணி வாக்கிற ரூம். நாலடிக்கு ஐந்தடியில் ஒரு குளியலறை, தகரக் கதவோடு தடத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. நந்திதா ஏழாம் வகுப்புப் படிக்கும்போது தனபால் கட்டியது. வளவுக் கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ரூமில் வரிசையில் நின்று குளித்துவிட்டுப் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நேரம் கழித்துப் போகிறாள் என்று, பவுண்டரியில் வார்ப்பு வேலை பார்த்துவிட்டு வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே செங்கல் வைத்தார். தரைக்குக் கொசுறு மார்பிள் துண்டுகளைப் பொறுக்கிவந்து பதித்தார். உள்ளே ஆணி அடித்து ஒரு சிறு கண்ணாடி. அன்று அக்கம்பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முன்னால் அவர்கள் படி கட்டியபோது இவர்களும் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் சாக்கடைப் பலகையில் மாட்டியதும், வளவுப் பையன்கள் பொறுக்க முடியாமல் கயிற்றுக்கட்டிலோடு அவரைத் தூக்கிவந்ததும், கட்டில் திரும்பாமல் இந்தச் சுவரில் இடித்து நின்றதும் அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். தடத்தைத் திட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸைத் திட்டியிருக்கிறாள். கட்டிலின் கால் இடித்த இடத்தில் காரை பெயர்ந்து ஒரு வடு இருந்தது. அதன்மேல் கையை வைத்தாள். இந்தச் சுவரை யார் கட்டியது என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருமூர்த்தி திங்கட்கிழமை வரை பொறுக்காமல் பத்திரம் வாங்கிப்போகக் காலையிலேயே வந்துவிட்டார். ரியாஸும் வந்தான். ராசாத்தாள் எப்போதும்போல டீ கொடுத்தாள். பிறகு உள்ளே போய், பத்திரத்தைக் கொண்டுவராமல் பழைய கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க தம்பி, இதுல பத்தடின்னுதானே போட்டிருக்குது?"

"ஆமாங்க நங்கை."

"அப்ப அவிய நம்மளக் கேக்கறது பொய்யில்லீங்க. பத்தடி எங்கன்னு கேக்கறாங்க. மூணரை அடிய நாம்பதான் வெச்சிருக்கறோம்." அவள் சுவரைக் காட்டினாள். "மொதல்ல இத எடுத்துப்போடலாமுங்க. அப்பறம் வந்து அளந்து எழுதுங்க. அதுல நான் கையெழுத்துப் போடறேன்."

திருமூர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபப்பட்டார். இதை இடித்தாலும் பத்து வீட்டுக்கு அனுமதி வராது என்று ரியாஸைப் பார்த்தார். ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டு, பத்துக்கு வராது, நாலுக்கு வரலாம், பக்கத்தில் இடம் விட்டு, ஜன்னலை மாற்றிப் போட்டு, மறுபடி வரைய வேண்டும் என்றான். நாலு வீட்டுக்குச் செங்கோடன் வரமாட்டான் என்றார் திருமூர்த்தி. வரமாட்டார்தான் என்றாள் ராசாத்தாள்.

"அண்ணன் கையால கட்டுனதுங்க நங்கை."

"அதனாலதானுங்க தம்பி மூணு வருசமா என்ற கண்ணுக்குத் தெரியல."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். ஆடி மாதத்தில் யாராவது கடப்பாரையைத் தொடுவார்களா என்று கேட்டார்.

"கட்டறதுக்குத்தான் நாள் பாக்கோணும்" என்றாள் ராசாத்தாள். "இடிக்கறதுக்கு என்னத்துக்குங்க."

முதலில் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தாள். தகரக் கதவை மிதுன் ஸ்பேனரால் கழற்றினான். கடப்பாரையை அவன் எடுக்கப் போனபோது அவள் வாங்கிக்கொண்டாள். முதல் குத்துக்கு எதுவும் ஆகவில்லை. தனபால் சிமெண்டைத் தாராளமாகப் போட்டிருந்தார். வடு இருந்த இடத்தில் குத்தியபோது ஒரு செங்கல் அசைந்தது. பிறகு மிதுன் வாங்கிக்கொண்டான். காற்று செங்கல் பொடியை அள்ளி வளவெங்கும் வீசியது. வாடகைக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் கல்லைச் சுமந்தார்கள். இனிமேல் வரிசையில் இன்னொரு ஆள் கூடும் என்று ஒருவன் முணுமுணுத்தது ராசாத்தாளுக்குக் கேட்டது. அது உண்மைதான். நாளைக் காலை ஐந்து மணிக்குப் பக்கெட்டோடு நிற்க வேண்டும்.

சித்திகா தன் வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, தையல் மிஷினில் இருந்த கணவர் அப்துல் வஹீதிடம் ஏதோ சொன்னாள். மிஷின் சத்தம் நின்றது.

"ராசாத்தாக்கா" என்று கூப்பிட்டாள். "கடப்பாரைக்கு வேல முடிஞ்சா இக்கட்டால, எங்க ஊட்டுப் பக்கமும் அனுப்புங்க. எங்க படி ஒண்ணு உங்க தடத்துலதான் நிக்குதாமா. இத்தனை நாளும் சொல்லாம இருந்துபோட்டீங்க."

"நீங்களுந்தானே சொல்லல சித்திகா."

"நெம்ப நெருக்கமில்ல" என்றாள் சித்திகா.

நந்திதா பதினொரு மணிக்கு வந்தபோது சித்திகா வீட்டுப் படி ஒன்றும் போயிருந்தது. முக்கில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணி வாக்கிற ரூம் இருந்த இடத்தில் பல நிறத்து மார்பிள் துண்டுகள் பதித்த ஒரு தரை மட்டும் வெயிலில் கிடந்தது. இவ்வளவு சிறியதா என்று அவளுக்குத் தோன்றியது. ரியாஸ் டேப்பின் முனையை அவளிடம் நீட்டினான். அவள் எதிர்ச் சுவரில் அதை அழுத்திப் பிடித்தாள். அவன் கல்குவியலைத் தாண்டிப் பின்னால் நடந்து, குனிந்து பார்த்தான்.

"ஒம்போதே முக்கால்" என்றான். "காரையச் சுரண்டுனா பத்து."

ராசாத்தாள் டேப்பைப் பார்க்கவில்லை.

"கட்டல் திரும்புமுங்களா தம்பி?"

ரியாஸ் திருமூர்த்தியைப் பார்த்தான். அவர் அதுவரை எதிலும் சேராமல் மதிலோரம் பைக்கில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் போன அன்று அவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வாசலில் லாரியோடு நின்றிருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வளவுக்குள் போனார். மிதுன் பகலில் படுத்துத் தூங்கும் அந்தக் கயிற்றுக்கட்டிலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தலைமாட்டில் அவரும் மிதுனும் பிடித்தார்கள். கால்மாட்டில் ஒருபுறம் ரியாஸ். இன்னொரு புறம் அப்துல் வஹீது வந்தார். நந்திதா அவரிடம், நான் பிடிக்கிறேன் மாமா என்றாள். அன்றைக்கும் அவள் பக்கம் அதுதான். வெறும் கட்டிலுக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இடுப்பளவில் தூக்கி, மட்டமாக, அடி அடியாக நகர்ந்தார்கள். முக்கில் வந்ததும் நால்வரும் தாங்களாகவே நின்றார்கள். பிறகு மார்பிள் தரையின்மேல் கால் வைத்துத் திரும்பினார்கள். கட்டில் எதிலும் இடிக்கவில்லை. சாயவும் இல்லை.

திரும்பிய பிறகும் அவர்கள் நிற்கவில்லை. படிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே, தடம் முழுவதும் நடந்து, மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டார்கள். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பைக்கை மெதுவாக்கி, காலிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அங்கே வந்தபின் கட்டிலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இறக்கி வைக்கவும் தோன்றவில்லை. திருமூர்த்தியின் முகம் நனைந்திருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம்.

பின்னாலேயே நடந்து வந்த ராசாத்தாள், கட்டிலின் கயிற்றில் ஒட்டியிருந்த செங்கல் பொடியைக் கையால் தட்டிவிட்டாள்.

"பைய ஊட்டுக்குக் கொண்டாங்க" என்றாள்.